மக்கனாவுக்கு மேல் மாட்டிய ஹெட்போன்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் கத்தாரில் வேலை பார்த்துவிட்டு, விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துசேர்ந்தார். வந்த பதினோராவது நாள் காலையில் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் பெரிய கேள்வி இதுதான்: “ஏ புள்ள, இந்த வீட்டுல சத்தமே ஓயாதா?”

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவருக்குத்தான் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருகிற மனிதரிடம் யார் கோபத்தைக் காட்டுவார்கள்? கறியும் மீனுமாக ஆக்கிப் போட்டு, சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் வந்து, பெட்டி கட்டி மதுரை ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏற்றுவதற்குள் நாள் பறந்துவிடும். இப்போது திரும்பிப் போகிற டிக்கெட் இல்லாமல் வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. முன்போல விருந்தாளியா, இல்லை வீட்டு ஆளா? அதனால் கோபத்தை முழுங்கிக்கொண்டு, பாட்டைக் கொஞ்சம் குறைத்தேன்.

சத்தம் என்று அவர் சொன்னது என் பாட்டைத்தான். நான் ஊரில் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறவள். எங்கள் வீட்டு முன்னறையில் மோட்டார் போட்ட தையல் மிஷின் ஒன்று, ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்று. இரண்டும் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்றால் ஜன்னலில் இருக்கிற ஸ்பீக்கரை முழுசாகத் திருக வேண்டும். துணி வெட்டும்போது பழைய மெலடி போடுவேன், கத்தரி நிதானமாகப் போகும். ஓரம் அடிக்கும்போது குத்துப்பாட்டு, கால் தானாக வேகம் பிடிக்கும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் இஸ்லாமியப் பாட்டு. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் எல்லாம் நிற்கும். மற்ற நேரமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், நானும் கூடவே பாடுவேன். என் குரல் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, அது எனக்கே தெரியும்.

நான் பாட்டைக் குறைத்தும் அவர் முகம் மாறவில்லை. காலையில் எழுந்து பள்ளிவாசலுக்குப் போவார், அங்கிருந்து கடற்கரைக்குப் போய் வள்ளங்கள் கிடக்கிற பக்கம் உட்காருவார், சோற்றுக்கு வருவார், மறுபடி போய்விடுவார். என்னிடம் பேச வாய் திறப்பார், மிஷின் சத்தத்தில் மூடிக்கொள்வார். நான் மிஷினை நிறுத்திவிட்டு “என்ன?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பார். இப்படியே இருபது நாள் போனது.

அப்போதுதான் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு பெண் சும்மா இருக்காமல் சொன்னாள். “ஒங்க வீட்டுக்காரரு ராமநாதபுரத்துல டிராவல்ஸ் ஆபீஸ்ல ஒக்காந்திருந்தாகளாம்ல? எங்க மாமா பாத்துட்டு வந்து சொன்னாக. மறுபடி போறாகளா?”

கையில் இருந்த டேப்பை எந்தப் பக்கம் பிடித்திருந்தேன் என்றே தெரியவில்லை, அவளுடைய இடுப்பளவைத் தோளளவு என்று நோட்டில் எழுதிவைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போனால் போகட்டும், பழையபடி என் வீடு என் பாட்டு என்று இருக்கலாம் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. ஐயோ, இந்த மனிதர் போனால் இனி வயதாகித்தானே வருவார் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அவர் போவதென்றால் என் சத்தம் தாங்காமல் போனார் என்ற பெயர் எனக்கு வேண்டாம். சத்தம்தானே அவருக்குத் தொந்தரவு? அதை என் காதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். ஒரு ஹெட்போன் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். வாங்குவதுதான் மண்டைக் குடைச்சல். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற என் மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் நல்லதாக ஒன்று சொல் என்று. அவ்வளவுதான், வரிசையாக வந்து விழுந்தது. “உம்மா, வயர்டா ப்ளூடூத்தா? காதுக்குள்ள வைக்கிறதா, கழுத்துல மாட்டுறதா, காத மூடுறதா? காத மூடுறதுன்னா முழுசா மூடுறதா, காது மேல ஒக்கார்றதா? டிரைவர் எத்தன எம்எம் வேணும்? நாய்ஸ் கேன்சல் வேணுமா? மிஷின் பக்கத்துல ஒக்கார்றீங்கள்ல, அது இருந்தா நல்லது. ஆனா அந்த விலையில அது ஒழுங்கா இருக்காது.”

தையல் ஊசியில் பதினாலாம் நம்பருக்கும் பதினாறாம் நம்பருக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதில் முப்பது எம்எம்முக்கும் நாற்பது எம்எம்முக்கும் என்ன வித்தியாசம் என்று யாரிடம் கேட்பது? ஆன்லைனில் போய்ப் பார்த்தேன். ஒரு ஹெட்போனுக்குக் கீழே ஒருவர் “பிரமாதம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர் “குப்பை, வாங்கி ஏமாறாதீர்கள்” என்று எழுதியிருக்கிறார். இருவரும் ஒரே பொருளைத்தான் வாங்கியிருக்கிறார்கள். இதில் நான் யாரை நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக மகள் ஒரு யோசனை சொன்னாள். அது உருப்படியான யோசனைதான், நான்தான் அதைக் கெடுத்தேன். “உம்மா, ஆன்லைன்ல வேணாம். ராமநாதபுரத்துல கடைக்குப் போங்க. நீங்க அதிகமா எந்தப் பாட்டக் கேப்பீங்களோ அதையே போட்டு, ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. குரல் தெளிவா கேக்கணும்னா பேஸ் கம்மியா உள்ளத எடுங்க. டங்கு டங்குன்னு அடிக்கணும்னா பேஸ் அதிகமா உள்ளத எடுங்க. ஒங்க காதுக்கு எது புடிக்குதோ அதான் நல்ல ஹெட்போன்.”

எங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் அதிகமாகக் கேட்கிற பாட்டு எது என்று யோசித்துக்கொண்டே போனேன். மெலடியா? ஆமாம். குத்துப்பாட்டா? அதுவும்தான். ஆனால் இதெல்லாம் எனக்குப் பிடித்த பாட்டா, இல்லை தையலுக்குத் தோதான பாட்டா? வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்து பாட்டு கேட்ட நாள் என்று ஒன்று கூட நினைவுக்கு வரவில்லை. வாழ்க்கை முழுக்கப் பாட்டு கேட்டவளுக்குத் தன் ரசனை என்னவென்று தெரியவில்லை என்பது அந்தப் பஸ்ஸில்தான் எனக்கே தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செல்போன் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். கறுப்பு, நீலம், ரோஸ், பூனைக்காது வைத்தது என்று பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. கடைக்காரருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மாதிரிதான் பேசினார்.

“என்ன மாதிரி பாட்டுக்கா கேப்பீக?”

“எல்லாந்தான்.”

“எல்லாத்துக்கும் சேத்து இந்த ரேட்டுல வராதுக்கா. வோக்கல் வேணுமா, பேஸ் வேணுமா?”

“ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்.”

“சரி, பாட்டு கேக்கத்தானா, போன் பேசவுமா?”

“பாட்டு கேக்கத்தான். பேச யாரு இருக்கா எனக்கு?” என்று சொல்லிவிட்டேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரும் ஒரு நிமிஷம் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, முதலில் காதுக்குள் வைக்கிற குட்டியை எடுத்துக் கொடுத்தார்.

இங்கேதான் சிக்கல். வெளியூருக்கு வரும்போது நான் புர்காவோடு மக்கனா போட்டுக்கொண்டுதான் வருவேன். தலையையும் காதையும் கழுத்தையும் சேர்த்து மூடுகிற துணி அது. பஸ் காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் இறுக்கிக் குண்டூசி குத்தியிருந்தேன். காது எங்கே இருக்கிறது என்று எனக்கே தடவித்தான் தெரியும். அந்தக் குட்டியைத் துணிக்குள் விட்டு விரலால் தள்ளிப் பார்த்தேன். குண்டூசி குத்தியது. குட்டி கழுத்துக்குள் விழுந்தது. கடைக்காரர் பாவம், சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வழியாக எடுத்துக் கொடுத்து, “இது வேணாம்” என்றேன்.

“அப்ப காத மூடுறது பாருங்கக்கா. இது ஈஸி, மேலயே மாட்டிக்கிரலாம்” என்றார்.

மேலேயே மாட்டிக்கொண்டேன். என் போனிலிருந்து ஒரு பழைய மெலடியைப் போட்டார். பாட்டு எங்கேயோ நாலு வீடு தள்ளிக் கேட்டது. பாடுகிறவர் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பாடுகிறாரோ என்று தோன்றியது. “தெளிவாவே இல்லையே” என்றேன். “அக்கா, இதுதான் வோக்கலுக்குப் பேர் போன மாடல். கொஞ்சம் அந்தத் துணிய...” என்று ஆரம்பித்தவர், நான் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டார். இரண்டாவது ஒன்று கொடுத்தார், அதுவும் அப்படியே. மூன்றாவதாகக் கறுப்பில் குண்டாக ஒன்றை இறக்கினார். அதை மாட்டினதும் பாட்டு பக்கத்தில் வந்தது. தபேலா கேட்டது, கிடார் கேட்டது, குரலும் ஒரு மாதிரி உருண்டு வந்து விழுந்தது. இதுதான் என் காதுக்குப் பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“அக்கா, அது எக்ஸ்ட்ரா பேஸு. மெலடிக்கு அது...” என்று அவர் இழுத்தார்.

“எனக்கு இதுதான் நல்லாருக்கு” என்று அடித்துச் சொன்னேன். ஒரு வாரமாகக் குழம்பிக் கிடந்தவளுக்கு ஒன்று பிடித்துப்போனதே பெரிய விஷயம், இதில் இவர் வேறு குறுக்கே வந்தால் எப்படி? பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்து வாங்கி, கெட்டிக்காரத்தனமாக ஏதோ சாதித்துவிட்ட நினைப்பில் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து, புர்காவையும் மக்கனாவையும் கழற்றிப் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்து, ஆசை ஆசையாக ஹெட்போனை மாட்டினேன். அதே பாட்டு. அல்லாவே! மண்டைக்குள் யாரோ உலக்கை போட்டு இடித்தார்கள். தபேலா கேட்டது, தபேலா மட்டும்தான் கேட்டது. பாடுகிறவர் எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறார். கழற்றி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் டப்பாவை மாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டினேன். அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மகளுக்குப் போன் போட்டேன்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “உம்மா, கடையில எப்படி மாட்டிப் பாத்தீங்க?” என்றாள்.

“தலையில மாட்டித்தான். வேற எங்க மாட்டுவாக?”

“மக்கனா போட்டுக்கிட்டா?”

அந்தப் பக்கம் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “துணிக்கு மேல கேட்டா எல்லாமே மந்தமாத்தான் கேக்கும் உம்மா. அதுல ரொம்ப அடிக்கிறதுதான் ஒங்களுக்குச் சரியா கேட்டிருக்கு. இப்ப துணி இல்ல, மொத்தமா அடிக்குது.” கடைக்காரரைத் திட்டிய திட்டையெல்லாம் எனக்கே திருப்பிக்கொண்டேன். டப்பா பிரித்தால் மாற்றித் தர மாட்டோம் என்று பில்லில் அச்சடித்தே இருந்தது.

ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. மக்கனாவோடு கேட்டால் சரியாக இருக்கிறதா? அப்படியென்றால் மக்கனாவோடு கேட்டுவிட்டுப் போகிறேன்! வீட்டில் தொழுகைக்குப் போடுகிற வெள்ளை மக்கனாவை எடுத்துத் தலையில் மாட்டி, அதற்கு மேல் ஹெட்போனை வைத்தேன். கடையில் கேட்ட அதே பாட்டு, அதே இதம். இடி அடங்கி, குரல் மேலே வந்துவிட்டது. ஹெட்போன் உருண்டைகளுக்குத் துணியில் உறை தைத்துப் போட்டால் முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தைக்க வேண்டிய துணி அறை முழுக்கக் குவிந்து கிடந்தது. ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்குத் தனக்கென்று இரண்டு தையல் போட நேரமில்லை, பெருநாள் கழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்பீக்கரை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். வீட்டில் மிஷின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வெயிலில் மக்கனாவுக்குள் வேர்த்து ஊற்றினாலும், இனி இவருக்கு என்ன குறை என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் பதினொரு மணி வாக்கில் அவர் கையில் மீன் பையோடு வாசல் வரைக்கும் வந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். எதையோ மறந்துவிட்டார் போல என்று நான் தையலைப் பார்த்தேன். அவர் மறுபடி உள்ளே வந்தபோது மதியம் லுஹர் தொழுகையே முடிந்திருந்தது. பையைப் பிரித்தால் மீன் நொந்துபோய் நாறுகிறது.

“இம்புட்டு நேரம் மீன எங்க வச்சிருந்தீக? கொடல் வெந்துபோச்சு பாருங்க!” என்று கத்தினேன். அன்றைக்கு அவரிடம் முதல்முதலாகக் கத்தியே விட்டேன்.

“யாரு வந்திருந்தா?” என்றார்.

“யாரும் வரலையே.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் விளங்கவில்லை. இரண்டாம் நாளும் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனார். எதிர்வீட்டு நிழலில் ஒரு மணி நேரம் நின்றார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வெயிலில் எதற்கு நிற்கிறார், இவருக்கு என்ன கோளாறு என்று நான் குழம்பினேன். கத்தாரில் ஏதாவது ஆகிவிட்டதா, மறைக்கிறாரா என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

மூன்றாம் நாள் அவர் திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து அடுப்படி, கொல்லை, படுக்கையறை எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு, என் முன்னால் வந்து நின்றார். ஏதோ கேட்கிறார் என்று வாயசைவில் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

“வீட்டுல ஒருத்தரும் இல்ல” என்றார். “எவனோ வெளி ஆம்பள வேல பாக்க வந்திருக்கான், அதான் நீ மக்கனா போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்னு நெனச்சு, இந்த வீட்டு நடப்புத் தெரியாம குறுக்க வர வேணாம்னு ரெண்டு நாளா வெளியில நின்னேன். பாத்தா, வீட்டுல இருக்கிற ஒரே ஆம்பள நாந்தான்.” என் தலையில் இருந்த துணியைக் கைகாட்டினார். “நான் வெளி ஆம்பளையா ஒனக்கு?”

எங்கள் வீடுகளில் பெண்கள் சொந்தப் புருஷன் முன்னால், பிள்ளைகள் முன்னால் தலையை மூடிக்கொண்டு உட்கார மாட்டோம். அந்நிய ஆண் வந்தால்தான் மக்கனா. இந்த மூன்று நாளாக நான் அவர் கண்முன்னால் செய்துகொண்டிருந்தது என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஐய, அது இல்லைங்க! இது பாட்டுக்காகப் போட்டது” என்றேன்.

“பாட்டுக்கு மக்கனாவா?”

சொல்லிப் பார்த்தேன். கடையில் குண்டூசி குத்தியது, பேஸ், வோக்கல், துணிக்கு மேல் ஒரு மாதிரியும் துணி இல்லாமல் ஒரு மாதிரியும் கேட்பது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே இருந்தது. “நீங்களே போட்டுப் பாருங்க” என்று ஹெட்போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான் உண்மையைச் சொல்லியும் நம்பாமல் நிற்கிறாரே என்று என் கோபம் அணை உடைத்துக்கொண்டு வந்தது.

“சத்தம்னு சொன்னது நீங்க. சத்தத்த அடக்குனா அதுவும் குத்தமா? நான் என்னதான் செய்யிறது? எனக்குத் தெரியாமலா டிராவல்ஸ்ல போயி ஒக்காந்துட்டு வந்தீக? இந்த வீடு புடிக்கலைன்னா போங்களேன், யாரு புடிச்சு வச்சா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவர் “சரி” என்றார். அந்த ஒரு சொல்தான். அப்படியே மாடிக்கு ஏறிப் போய்விட்டார். மாடி அறையை அவர் அனுப்பிய காசில்தான் கட்டினோம், அதில் இதுவரை யாரும் குடியிருந்ததில்லை. அன்றைக்கு ராத்திரி சோற்றுக்கு மட்டும் இறங்கி வந்தார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கும் பேசாமல் வந்தார், பேசாமல் தின்றார், பேசாமல் மேலே போனார். நான் மிஷினில் வந்து உட்கார்ந்தேன். மக்கனாவைத் தொடவே மனம் வரவில்லை. வெறும் தலையில் ஹெட்போனை மாட்டினேன். உலக்கை இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டேன். ஒரு குழந்தைச் சட்டைக்குக் கைவைத்துக்கொண்டிருந்தேன், கண்ணீர் மறைத்து ஊசி எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை.

திடீரென்று பாட்டு நின்றது. காதுக்குள் மணி அடித்தது. போனைப் பார்த்தால், அவருடைய போட்டோ.

மாடியில்தானே இருந்தார், நான் பார்க்காமல் எப்போது இறங்கிப் போனார், டிராவல்ஸ் ஆபீசிலிருந்துதான் கூப்பிடுகிறாரா என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

“வஅலைக்கும் ஸலாம்.”

“சாப்டியா?”

இருபத்திரண்டு வருடமும் எங்கள் பேச்சு இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. அவருக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், இங்கே இரண்டரை மணிக்கு, ஒரு நாள் தவறாமல் கூப்பிடுவார். எட்டுப் பேர் தங்குகிற அறையில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு அடித்தொண்டையில் பேசுவார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கொக்கி வைத்துக்கொண்டே பேசுவேன். மகள் பிறந்தது, வீட்டுக்குக் கடைக்கால் போட்டது, அவருக்கு மூணு மாசம் சம்பளம் வராமல் ஒருநாள் அழுதது எல்லாம் இந்தக் காதில்தான் நடந்தது. அவர் ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாட்டையெல்லாம் பாழாக்கிய அந்த ஹெட்போனில் அவர் குரல் அவ்வளவு கனமாக, அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

“சாப்ட்டேன் மச்சான்” என்றேன். அவர் வந்த பிறகு நான் அவரை மச்சான் என்று கூப்பிட்டது அப்போதுதான். “எங்க இருக்கீக?”

“மாடியில.”

“கீழ வந்து பேசுனா என்ன?”

“நேர்ல வர மாட்டேங்குது புள்ள. ஓம் முன்னாடி வந்து நின்னா என்ன பேசுறதுன்னு தெரியல. வாயி கட்டிப் போகுது.” பிறகு அவரே தொடர்ந்தார். “நீ பாடுறது எனக்குப் புடிக்காதுன்னு யாரு சொன்னா? போன்ல பேசுறப்ப பாட்டு பின்னால லேசா கேக்கும், நீ கூடவே முனகுறது நல்லாக் கேக்கும். அதக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். இங்கன வந்தா அந்த ஸ்பீக்கர் பொட்டி போடுற சத்தத்துல ஓங் கொரலே கேக்கல. அதான் சத்தம்னேன்.”

நான் மிஷினிலிருந்து காலை எடுத்தேன்.

“டிராவல்ஸ்ல ஒரு விசா சொன்னாக” என்றார். “சனிக்கிழமைக்குள்ள பாஸ்போர்ட்டக் குடுக்கணும். ஒவ்வொரு தடவையும் நீதான சொல்லுவ, இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாங்கன்னு. இந்தத் தடவையும் நீயே சொல்லு. போகட்டுமா, இருக்கட்டுமா?”

ஆமாம், நான்தான் சொன்னேன். கடன் அடையட்டும் என்று ஒருமுறை, கீழ்வீடு முடியட்டும் என்று ஒருமுறை, மாடி ஏறட்டும், மகள் காலேஜில் சேரட்டும் என்று ஒவ்வொரு முறையும் இதே காதில் போனை வைத்துக்கொண்டு நான்தான் சொன்னேன். எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“இருங்க மச்சான்” என்றேன். அழுகையில் அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று மறுபடி சொன்னேன். “போக வேணாம். இருங்க.”

மேலே கட்டில் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“கீழ வாங்க” என்றேன். “டீ போடுறேன்.”

“வாரேன். கொஞ்ச நேரம் இப்படியே பேசு புள்ள.”

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினோம். பாங்கு கேட்டதும், “சரி, வைக்கட்டுமா?” என்றார். “வைங்க” என்றேன். வைக்கவில்லை. ஏதோ யோசித்துவிட்டு, மாடியிலிருந்து கேட்டார்.

“நாளைக்கும் கூப்பிடட்டுமா?”

“கூப்பிடுங்க” என்றேன்.